வேலையில் தலையில் அடிபட்டால்: பேசி முடிப்பதா, இஎஸ்ஐயா, ஈட்டுத்தொகை வழக்கா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமெல்லாம் பழைய வீடு பிரிக்கிற வேலை ஓயாமல் நடக்கிறது. ஒரு தெருவில் வீட்டைப் பிரித்துத் தூணும் நிலையும் விற்பனைக்குப் போகும். அடுத்த தெருவில் அதே மாதிரி வீட்டை ஓட்டலாக்குவதற்குச் சாரம் கட்டிச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருப்பார்கள். தேக்கு உத்திரத்தைக் கயிறு போட்டு இறக்கும்போது பிடி நழுவுவதும், நாட்டு ஓட்டின் மேல் ஏறியவர் ஓட்டோடு கீழே வருவதும், சாரக் கம்பு ஒடிவதும் இங்கே யாரும் கேள்விப்படாத சங்கதி அல்ல. கை கால் முறிந்தவர் பல பேர் திரும்ப வேலைக்கு வந்துவிடுகிறார்கள். தலையில் அடிபட்டவர் கதை வேறு. எழுந்து நடப்பார், சாப்பிடுவார், நாலு வார்த்தை பேசுவார். ஆனால் வேலை செய்கிற ஆளாகத் திரும்பி வந்தாரா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

ஆனால் குடும்பத்தார் முடிவெடுக்க வேண்டிய நேரமோ முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மேஸ்திரி பேச ஆரம்பிப்பார். "தங்கச்சி, கேஸு கீஸுன்னு போனா வருசக்கணக்கா இழுப்பாங்க. கான்ட்ராக்டர் நல்ல மனுசன். இப்ப அம்பதாயிரம் வாங்கிக்கங்க, டிஸ்சார்ஜ் ஆனதும் இன்னொரு அம்பது பார்த்துக்கலாம்." அந்த நேரத்தில் அந்தப் பெண்ணிடம் மருந்து வாங்கவே காசு இருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இருக்கிற வழிகள் எவை, எது யாருக்குப் பொருந்தும், எதை எடுத்தால் எதை இழப்போம் என்பதை அந்த வராந்தாவில் நிற்கிறவருக்குப் பயன்படும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் தலைக்காயம் ஏன் தனி வகை என்று சொல்லிவிடுகிறேன். 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. (இங்கே சொல்லும் இழப்பீட்டு, இஎஸ்ஐ பிரிவு எண்கள் பழைய சட்டங்களுடையவை. 2025 நவம்பர் 21 முதல் வந்த மாற்றத்தைக் கடைசியில் சொல்கிறேன்.) கட்டைவிரல் போனால் 30 சதவீதம், மற்ற கண் நன்றாக இருந்து ஒரு கண்ணை இழந்தால் 40 சதவீதம் என்று சம்பாதிக்கும் திறன் இழப்பை அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மூளைக்கு அந்த அட்டவணையில் எண் கிடையாது. ஞாபக மறதி, தலைசுற்றல், வலிப்பு, காரணமில்லாத கோபம், வாசனை தெரியாமல் போவது ஆகிய எதற்குமே எண் இல்லை. இவற்றை ஒரு மருத்துவர் பார்த்து, இவரால் இனி எவ்வளவு சம்பாதிக்க முடியாது என்று மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். ஆகவே விரல் போனவருக்கு முதல் வாரத்திலேயே கணக்குப் போடலாம். மூளையில் அடிபட்டவருக்கு அப்படிப் போட முடியாது. முதல் வாரத்தில் யார் எந்தத் தொகையைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

எந்த வழியானாலும் முதல் நாள் காகிதம் வேண்டும்

வழிகளை ஒப்பிடும் முன் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைச் சொல்ல வேண்டும். அடிபட்டவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். எப்படி அடிபட்டது, எங்கே, எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்தார்கள் என்று அதில் இரண்டு மூன்று வரி இருக்கும். பின்னால் நடக்கிற வழக்கு முழுக்க அந்த இரண்டு வரியின் மேல்தான் நிற்கிறது.

அங்கேதான் பலருக்கும் தப்பு நடக்கிறது. கூட வந்த மேஸ்திரியே "வீட்டு வாசல்ல வழுக்கி விழுந்துட்டாரு" என்று சொல்லிவிடுவார். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமாக இருக்கலாம், கான்ட்ராக்டர் போனில் சொல்லிக்கொடுத்ததாகவும் இருக்கலாம். குடும்பத்தாரும் சிகிச்சை தாமதமாகக் கூடாதே என்று தலையாட்டிவிடுவார்கள். பிறகு வேலையிடத்தில் நடந்தது என்று நிரூபிக்கப் படாத பாடு பட வேண்டும். விபத்து வேலையினாலும் வேலையின்போதும் ஏற்பட்டது என்பதுதான் இந்தச் சட்டத்தின் அடித்தளம். அது ஆட்டம் கண்டால் மற்ற எதுவும் நிற்காது. உண்மையைச் சொன்னால் சிகிச்சையை யாரும் நிறுத்தப் போவதில்லை. "இன்ன ஊரில் இன்னார் வீடு பிரிக்கிற வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார்" என்று சொல்லி, அப்படியே எழுதியிருக்கிறார்களா என்று படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள். தவறாகப் பதிவாகிவிட்டதா? அன்றோ மறுநாளோ போலீஸ் நிலையத்தில் எழுத்தாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாள் தள்ளத் தள்ள அந்தப் புகாரின் மதிப்பு குறையும்.

இன்னொன்றும் உண்டு. மூளையில் அடிபட்டவர் நாக்குக் குழறுவார், தள்ளாடுவார், வாந்தி எடுப்பார். பார்க்கிறவருக்குக் குடித்தவர் மாதிரி இருக்கும். குடிக்காதவர் என்றால் அதையும் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பின்னால் எதிர்த்தரப்பு எடுக்கிற முதல் வாதமே "அவன் குடிச்சிருந்தான்" என்பதுதான்.

மருத்துவமனைக் காகிதத்தில் ஜிசிஎஸ் என்று ஓர் எண் இருக்கும். 3 முதல் 15 வரை போகும். 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழேயும் கடுமையானது என்று பிரிப்பார்கள். 14 என்று இருந்தால் "லேசான காயம்தானே" என்று கான்ட்ராக்டர் தரப்பு சொல்லும். அந்த எண் சொல்வது அன்றைய உணர்வு நிலையை மட்டும்தான். சிடி ஸ்கேன் நார்மல் என்று வந்தவருக்கும் மாதக்கணக்கில் தலைவலியும் கவனக்குறைவும் இருக்கலாம். வயதானவர்களுக்கு மண்டையோட்டுக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து சில வாரங்கள் கழித்தே தெரியவருவதும் உண்டு. வீட்டுக்கு வந்த பின் புதிதாகக் குழப்பமோ தூக்கக் கலக்கமோ ஒரு பக்கம் பலக்குறைவோ தெரிந்தால் உடனே திரும்பக் கொண்டுபோக வேண்டும். அந்த இரண்டாவது தடவைக் காகிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

பேசி முடிப்பது

இதை ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல மாட்டேன். காசு கையில் உடனே வரும், அலைச்சல் இல்லை, நாளைக்கு அதே மேஸ்திரியிடம் தம்பிக்கோ மச்சானுக்கோ வேலை கேட்க வேண்டியிருக்கும். கிராமத்தில் இதெல்லாம் சின்ன விஷயம் அல்ல. கை விரலில் காயம் என்றால், அட்டவணைக் கணக்குக்குப் பக்கத்தில் தொகை வருகிறது என்றால், பேசி முடிப்பதில் நியாயம் உண்டு.

தலைக்காயத்துக்கு மட்டும் வேண்டாம் என்பேன். அடிபட்டவரின் நிலையே தெரியாதபோது எதை விற்கிறோம் என்று தெரியாமல் விலை பேசுவதாகிவிடும். சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. மூன்று விஷயங்களை நினைவில் வைத்துக்கொண்டால் வராந்தாப் பேச்சில் பயம் குறையும்.

ஒன்று, "இதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டேன்" என்று பத்திரத்தில் எழுதி வாங்கினாலும், சட்டப்படி வர வேண்டிய தொகையைக் குறைக்கிற ஒப்பந்தம் செல்லாது. 17-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. இரண்டாவது, ஒப்பந்தம் போட்டால் அதை இழப்பீட்டு ஆணையரிடம், அதாவது இந்த வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியிடம், பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது, ஏமாற்றி வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஆணையர் பதிவுக்கு மறுக்கலாம். மூன்றாவதைப் பெரும்பாலோர் அறிவதில்லை. அடிபட்டவர் சித்தாள் வேலை செய்யும் பெண்ணாக இருந்தாலோ, தன் காரியத்தைத் தானே பார்க்கும் மனநிலை இழந்தவராக இருந்தாலோ, மொத்தத் தொகையை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரடியாகக் கையில் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. மூளைக்காயத்தில் இது அடிக்கடி பொருந்தும். கான்ட்ராக்டரிடம் தன்மையாகவே சொல்லலாம்: "அண்ணே, ஆபீசர்ட்ட கட்டுனாத்தான் உங்களுக்கும் பாதுகாப்பு."

ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணம் இதில் சேராது. "ரெண்டு லட்சம் செலவு பண்ணிட்டேன், அதான் நஷ்டஈடு" என்று சொல்வார்கள். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான உண்மையான மருத்துவச் செலவைத் திருப்பித் தருவது 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதலாளியின் தனிக் கடமை. இழப்பீட்டில் அதைக் கழிக்க முடியாது. அவர் சிகிச்சைக்குக் கொடுத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள், "சிகிச்சைச் செலவுக்கு" என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

இஎஸ்ஐ இருந்தால் வேறு யோசனை வேண்டாம்

ஓட்டல், ஜவுளிக்கடை, மில், சூப்பர் மார்க்கெட் என்று 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இஎஸ்ஐயில், அதாவது தொழிலாளர் மாநிலக் காப்பீட்டுக் கழகத்தில், இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள். இஎஸ்ஐக்கு உட்பட்டவர் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது, இஎஸ்ஐ சட்டத்தின் 53-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆக இது தேர்வு இல்லை, இருந்தால் இதுதான். ஆனாலும் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. "இஎஸ்ஐ வேண்டாம், மொத்தமா ஒரு தொகை வாங்கித் தர்றேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

35 வயதுக்காரர், மாதம் 18,000 சம்பளம், அதாவது நாள் சராசரி ஏறத்தாழ 600 ரூபாய் என்று வைப்போம். சிகிச்சையில் இருக்கும் காலத்தில் இஎஸ்ஐ சம்பளத்தில் 90 சதவீதம் தருகிறது. நாளுக்கு 540, மாதம் சுமார் 16,200. வேலைக்குப் போக முடியாத நிலை இருக்கும்வரை இது வரும். இழப்பீட்டுச் சட்டத்தில் மாதச் சம்பளம் 15,000-க்கு மேல் எவ்வளவாக இருந்தாலும் 15,000 என்றே கணக்கு (2020 ஜனவரி முதல், அதற்கு முன் 8,000). தற்காலிக இயலாமைக்கு அரை மாதத்துக்கு 25 சதவீதம், அதாவது 3,750. மாதத்துக்கு 7,500, அதுவும் ஐந்து ஆண்டு வரைதான்.

அப்புறம் நிரந்தர இழப்பு. 40 சதவீதம் சம்பாதிக்கும் திறன் போனது என்று முடிவானால், இழப்பீட்டுச் சட்டப்படி 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 35 வயதுக்கான காரணி 197.06-ஆல் பெருக்கினால் 17,73,540. அதில் 40 சதவீதம் 7,09,416 ரூபாய். இஎஸ்ஐயில் அதே 40 சதவீதத்துக்கு நாளுக்கு 216, மாதம் சுமார் 6,480 ரூபாய், ஆயுள் முழுக்க. ஒன்பது வருடத்தில் ஏழு லட்சத்தை எட்டிவிடும். அதற்கப்புறம் வருவதெல்லாம் கூடுதல். 35 வயதுக்காரர் 44-ஐத் தாண்டி வாழ்வார் என்று நம்பினால் இஎஸ்ஐதான் மேல். மூளைக்காயம்பட்டவர் கையில் மொத்தமாக ஏழு லட்சம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். முடிவெடுக்கும் நிதானம் போயிருக்கும். கேட்டு வருகிற சொந்தபந்தத்துக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. மாதாமாதம் வருவது வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

எனக்கு இஎஸ்ஐயில் இன்னும் பெரிதாகப் படுவது வேறொன்று. மருத்துவக் குழு முதலில் தற்காலிக மதிப்பீடு போட்டுவிட்டுப் பிறகு மறுபடி பார்க்கலாம். ஒரு வருடம் கழித்து வலிப்பு வந்தால் திரும்பப் போய்க் காட்ட வழியிருக்கிறது. இழப்பீட்டுச் சட்டத்தில் மொத்தத் தொகை வாங்கினால் கதவு மூடிவிட்டது.

இஎஸ்ஐ பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட முதலாளியும் உண்டு, சேர்க்காமலே விட்டவரும் உண்டு. அதற்காகத் தொழிலாளி இழக்க வேண்டியதில்லை. கட்டாத முதலாளியிடமிருந்து வசூலிக்கும் அதிகாரம் கழகத்துக்கு இருக்கிறது. சம்பளச் சீட்டு, வருகைப் பதிவேட்டின் போட்டோ, ஜிபேயில் சம்பளம் வந்த விவரம் என்று எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் முதலில் மனுக் கொடுங்கள். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அடிபட்டாலும் உண்டு.

இஎஸ்ஐ இல்லாதவருக்கு: இழப்பீட்டு வழக்கு

வீடு பிரிக்கிறவர், கொத்தனார், சித்தாள், தச்சர், பெயின்டர் என்று நம் பக்கத்தில் பெரும்பாலோர் இந்த வகையில்தான் வருவார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, முதலாளி யார்?

செட்டிநாட்டில் இதற்கு விடை சுலபம் இல்லை. வீட்டுப் பங்காளிகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஏஜெண்ட் ஒருவர். மரத்தை மொத்தமாக விலைபேசி எடுத்த வியாபாரி ஒருவர். அவர் பிடித்த மேஸ்திரி, மேஸ்திரி கூட்டிவந்த ஆட்கள். அடிபட்டதும் எல்லோரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒருவர் தன் தொழிலின் பகுதியான வேலையைக் கான்ட்ராக்டரிடம் விட்டிருந்தால், கான்ட்ராக்டரின் ஆளுக்கு அவரே பொறுப்பு. மரம் வாங்கிப் பிரித்து விற்பதே தொழிலாக உள்ள வியாபாரி இதில் நேராக மாட்டுவார். மேஸ்திரியை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தால், தீர்ப்பு வந்தாலும் அவரிடம் எடுக்க ஒன்றும் இருக்காது. ஆகவே வியாபாரியைச் சேர்த்தே போடுங்கள். தன் குடியிருப்பு வீட்டைப் பிரிக்க விட்ட சொந்தக்காரர் மேல் இந்தப் பிரிவு அவ்வளவாக ஒட்டாது, வீடு பிரிப்பது அவருடைய தொழில் அல்லவே. ஓட்டல் நடத்துகிறவர் ஓட்டலைப் புதுப்பிக்கும்போது அடிபட்டால் இரண்டு பக்கமும் வாதாட இடமிருக்கிறது. அங்கே வக்கீலைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

"தினக்கூலிக்கு வந்தவன், எங்க ஆளே இல்லை" என்பது அடுத்த வாதம். தற்காலிகக் கூலி என்று சொல்லி ஒதுக்கும் வாசகத்தை 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டது. கூரை உச்சி 12 அடியோ அதற்கு மேலோ உயரமுள்ள கட்டடத்தைக் கட்டுவது, பழுது பார்ப்பது, இடிப்பது எல்லாம் இரண்டாவது அட்டவணையில் வருகிறது. நம் ஊர் வீட்டு முகப்பே அதைத் தாண்டும். வேலை பார்த்ததற்கு அத்தாட்சியாக மேஸ்திரி நோட்டில் பெயர் இருக்கும் பக்கம், கூலி வந்த ஜிபே பதிவு, கூட வேலை செய்த இரண்டு பேரின் வாக்குமூலம் போதும்.

"ஹெல்மெட் போடலை, குடிச்சிருந்தான்" என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. குடியே விபத்துக்கு நேரடிக் காரணமாக இருக்க வேண்டும். ஹெல்மெட் விஷயத்தில், போடச் சொல்லி வெளிப்படையான உத்தரவு இருந்து அதை வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும். ஹெல்மெட்டே வாங்கித் தராதவர் இந்த வாதத்தை எடுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர் போனாலோ முழுமையான நிரந்தர இயலாமை ஏற்பட்டாலோ இந்த விலக்குகள் எதுவும் பொருந்தாது. குடித்திருந்தாலும் இழப்பீடு உண்டு.

இனி இந்த வழியின் உயிர்நாடி, அதாவது சதவீதம். அரசு தரும் மாற்றுத்திறனாளி அட்டையில் 40 சதவீதம் என்று இருந்தால் இழப்பீடும் 40 சதவீதம்தான் என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அட்டை சொல்வது உடலுக்கு எவ்வளவு குறை என்று. சட்டம் கேட்பது, அவர் செய்த வேலையை வைத்துச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று. 1976-இல் தீர்ப்புத் தொகுப்பில் வெளிவந்த பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சருக்கு உச்ச நீதிமன்றம் 100 சதவீதம் இழப்பு என்றே ஏற்றது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதுதான் காரணம். 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உடல் குறையையும் வேலைத்திறன் இழப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று விரிவாகவே விளக்கியது. அது மோட்டார் வாகன வழக்கு, ஆனால் இந்த வாதத்துக்கும் கைகொடுக்கும்.

ஆத்தங்குடிக் கல் போடுகிறவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அச்சைத் தூக்கி, பின்புறத்துக்கு மணலும் சிமெண்டும் போடுகிறார். கை நடுங்கினால் வண்ணம் ஒன்றோடொன்று கலந்துவிடும், வரிசை மறந்தால் கல் வீண். லாரியில் கல் ஏற்றும்போது விழுந்து தலையில் அடிபட்ட அவர், இப்போது நடக்கிறார், பேசுகிறார். சிகப்புக்கு அப்புறம் எந்தக் கட்டம் என்று மட்டும் தடுமாறுகிறார். மருத்துவரிடம் போய் "மறதி இருக்கு" என்று மட்டும் சொன்னால் 15, 20 சதவீதம் எழுதுவார். வேலையை இப்படி விளக்கிச் சொன்னால்தான் அவருக்கு முழுப் படமும் கிடைக்கும். சாரத்தில் ஏறுகிற கொத்தனாருக்குத் தலைசுற்றலும், லாரி ஓட்டுநருக்கு வலிப்பும் அப்படியே. நினைவாற்றலையும் கவனத்தையும் அளக்கிற உளவியல் சோதனைகள் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் செய்கிறார்கள், நரம்பியல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் கேட்டுப் பார்க்கலாம். அந்த அறிக்கையோடு நரம்பியல் மருத்துவரின் சான்றும் இருந்தால் எதிர்த்தரப்பால் எளிதில் அசைக்க முடியாது.

வீட்டார் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருவதும் பெரிய உதவி. அடுப்பை அணைக்க மறந்தது, பிள்ளையைக் காரணமில்லாமல் அடித்தது, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றது என்று தேதியோடு எழுதுங்கள். "ஆளே மாறிட்டாரு" என்று மனைவி சொல்வதை ஆணையர் கேட்பார், ஆனால் தேதி போட்ட நோட்டுக்கு எடை அதிகம்.

காலம் எவ்வளவு? மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். ஆனால் தொகை விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். தீர்ப்பை எதிர்த்து முதலாளி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டுமானால் தொகையை முதலில் ஆணையரிடம் கட்டிவிட்டுத்தான் போக முடியும். வரும் தொகையைக் கடன்காரர் ஜப்தி செய்யவும் முடியாது. குறை என்று பார்த்தால் 15,000 உச்சவரம்புதான். மாதம் 25,000 சம்பாதித்த கொத்தனாருக்கும் 15,000 என்றே கணக்குப் போடுவார்கள். வேதனைக்கு, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு, வருங்காலச் சம்பள உயர்வுக்கு என்று எதுவும் இதில் இல்லை.

வண்டி சம்பந்தப்பட்டிருந்தால்

டிப்பர், டிராக்டர், லாரி, ஜேசிபி என்று வண்டி மோதியோ வண்டியில் போகும்போதோ அடிபட்டால் இன்னொரு கதவு திறக்கிறது. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் போடலாம், அல்லது இழப்பீட்டு ஆணையரிடம் போடலாம், இரண்டிலும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆவது பிரிவு ஏதாவது ஒன்று என்கிறது.

தீர்ப்பாயத்தில் உச்சவரம்பு இல்லை. வேதனை, எதிர்கால மருத்துவம், உதவியாளர் செலவு எல்லாம் கேட்கலாம். சாலை விபத்தில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், ஆயுள் முழுக்க உதவியாளர் தேவை என்று கணக்கிட்டு 2020-இல் உச்ச நீதிமன்றம் 62 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. பெரிய மூளைக்காயத்துக்கு இந்த இடம்தான் சரி என்பது என் கருத்து. ஆனால் 166-ஆவது பிரிவில் மற்றவர் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். ஓட்டுநர் தானே தூங்கிப் புளிய மரத்தில் மோதினார் என்றால் அங்கே நிற்காது, இழப்பீட்டு ஆணையரிடம் நிற்கும், அங்கே யார் தப்பு என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதம் என்ற காலவரம்பு 2022 ஏப்ரலில் இருந்து இருப்பதால், வண்டி என்றாலே சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் பைக்கில் அடிபட்டவர்களும் மனம் தளர வேண்டாம். வேலைக்கும் பயணத்துக்கும் தொடர்பு இருந்தால் அதுவும் வேலை விபத்துதான் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் பொருத்திச் சொல்லிவிட்டது.

நலவாரியம், முதலமைச்சர் காப்பீடு, வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு மூன்றையும் கூடவே பாருங்கள். கட்டுமான நலவாரியத்தில் பதிவு இருந்தால் விபத்து உதவி கேட்கலாம், அதற்காக வழக்கை விட வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீடு அறுவைச் செலவுக்குத் தோள் கொடுக்கும். 20 ரூபாய்க் காப்பீடு உயிரிழப்புக்கும் கண், கை, கால் இழப்புக்கும்தான். மூளைக்காயத்தை மட்டும் வைத்து அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போதே போடுவதா, பொறுத்துப் போடுவதா

விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். மூளை தேறுவது முதல் ஆறு மாதத்தில் வேகமாகவும் அப்புறம் மெதுவாகவும் இருக்கும். அதனால் சிலர் எல்லாம் தெளிவாகட்டும் என்று காத்திருந்து இரண்டு ஆண்டைத் தவறவிடுகிறார்கள். சிலர் மூன்றாம் மாதமே சான்று வாங்கிக் குறைந்த சதவீதத்தில் முடித்துக்கொள்கிறார்கள்.

நான் சொல்வது இரண்டையும் பிரிக்க வேண்டும் என்பது. முதல் மாதத்துக்குள் முதலாளிக்கு எழுத்தில் நோட்டீஸ், பதிவுத் தபாலில். அதிலேயே அரை மாதத் தொகையைக் கேளுங்கள். மனுவைச் சில மாதத்துக்குள் தாக்கல் செய்யுங்கள். சதவீதச் சான்றுக்கு மட்டும் அவசரப்படாமல், மருத்துவர் நிலைமை ஓரளவு நின்றுவிட்டது என்று சொல்லும்வரை பொறுங்கள், பெரும்பாலும் ஒரு வருடத்தை ஒட்டி. அதற்குள் வரும் அரை மாதத் தொகை பின்னால் மொத்தத்தில் கழியும். இருந்தாலும் அடுப்பு எரியுமே.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. பழைய இழப்பீட்டுச் சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் அதற்குள் போகின்றன. உயிரிழப்புக்கு 50 சதவீதம், நிரந்தர இயலாமைக்கு 60 சதவீதம், வயதுக் காரணி என்ற கணக்கின் எலும்புக்கூடு மாறவில்லை. பிரிவு எண்கள் மாறிவிட்டன, அறிவிக்கும் தொகைகள் மாறலாம். ஆகவே விபத்துத் தேதியைச் சொல்லி எந்தச் சட்டத்தில் போடுவது என்று வக்கீலிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வக்கீலுக்குக் காசு இல்லை என்பவர்கள் சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமலே உரிமை உண்டு. தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று கேட்கிற வக்கீலிடம் கையெழுத்துப் போடும் முன் அங்கே ஒரு தடவை போய் வாருங்கள். ஒடிசாவிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்து நம் ஊரில் அடிபட்டவர், தான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். சொந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் எல்லாம் போயிற்று என்று அவர்களிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பியும், வேலையிடத்தின் போட்டோவும், கூட வேலை செய்த இரண்டு பேரின் போன் நம்பரும் மட்டும் அவர்கள் ரயில் ஏறும் முன் கையில் இருக்கட்டும்.